வீழ்ந்த வானவரும் மயிலான சூரனும்

விண்ணுலகில் வாழ்வார் சிலர் உளர் என்னும் எண்ணம் பெரும்பாலான சமயங்களுக்குப் பொதுவாகும். அவருள் ஒரு சாரார் தம் நிலையினின்று வழுவி வீழ்ந்தனர் என்னும் கதையும் பல மொழி இலக்கியங்களிற் பயின்று வருகின்றது. இக்கதைகளை ஒருங்கு வைத்து நோக்குவோர் சிலர், மேலை நாட்டார் கூறும் சாத்தானும் நம் கந்தபுராணத்துச் சூரபன்மனும் ஒரே இயல்பினர் என எளிதிற் கூறிவிடுகின்றனர். தேவர் என்போர் வானதூதர், அசுரர் என்போர் வீழ்ந்த வானதூதர், சூரன் தமிழ்ச் சாத்தான், மில்டன் ஆங்கிலக் கச்சியப்பர்: இவ்வாறு சமன் செய்து முடிப்பது மேடைக்கு அழகாகலாம், ஆராய்ச்சிக்கு அமையாது. இச்சமன்பாடு பொருந்தாது என்பதையும், அது பொருந்தாத இடத்திலேதான் ஒப்பாய்வின் பயன் கிடக்கின்றது என்பதையும் காட்டுதல் இக்கட்டுரையின் கருத்தாகும்.

முதற்கண் சொற்களை ஆராய்வோம். எபிரேய மொழியில் 'மலாக்' என்பதற்கும் கிரேக்க மொழியில் 'அங்கெலோசு' என்பதற்கும் தூதன் என்பதே பொருள். ஆகவே அச்சொற்கள் ஓர் இனத்தைக் குறிக்க எழுந்தனவல்ல; ஒரு தொழிலைக் குறிக்க எழுந்தன. தமிழிலே சீர்திருத்தக் கிறித்தவர் 'தேவதூதன்' என்று வழங்கியது அப்பொருளைத் தழுவியதாகும். கத்தோலிக்கர் வழங்கிய 'சம்மனசு' என்பதோ நன்மனம் உடையோர் எனப் பொருள்படும் 'சுமனசு' என்னும் வடசொல்லின் திரிபென்பர். அது தொழிலை விட்டுப் பண்பைச் சுட்டுகின்றது. முசிலிம் மக்கள் 'மலக்கு' என்னும் அறபுச் சொல்லையே கொண்டனர். இவற்றுக்கெல்லாம் மேலாக 'வானவர்', 'அமரர்' என்னும் பழந்தமிழ் வழக்குகளும் புலவர்க்குத் துணை நின்றன. நெளுக்குளத்திலிருந்து வவுனியா நகருக்குச் செல்லும் ஒரு மாணவன், கந்தசுவாமி கோயிலில் தேவர் என்றும், இறம்பைக்குளத்து அந்தோனியார் ஆலயத்தில் சம்மனசு என்றும், பள்ளிவாசலில் மலக்கு என்றும் ஒரே நாளிற் கேட்டல் கூடும். மூன்றும் ஒரே பொருளனவென்று அவன் எண்ணுவானாயின், அதற்குக் காரணம் 'வானவர்' என்னும் பொதுச்சொல் அம்மூன்றையும் போர்த்து நிற்பதேயாம்.

அப்போர்வையை நெய்தவர் பெரும்புலவர். 1726 ஆம் ஆண்டில் வீரமாமுனிவர் தேம்பாவணியை 36 படலங்களில் 3615 பாடல்களாற் பாடியபோது, விவிலியத்துத் தூதரைத் தமிழ்க் காப்பியத்து வானவராகவே நடமாட விட்டார். உமறுப்புலவர் சீறாப்புராணத்திலே நபிகள் நாயகத்துக்கு இறைமொழி கொணர்ந்த சிபுரீலைத் தமிழ் மரபின் வானோர் வரிசையில் நிறுத்திக் காட்டினார். காப்பியத்துக்கு இது வேண்டப்படுவதே. வேற்று நிலத்துப் பொருள் தமிழிற் குடிபுகுதற்குத் தமிழ்ச் சொல்லே வாயில். ஆயினும் வாயில் ஒன்றாயிருத்தல்பற்றி உள்ளே இருக்கும் வீடுகளும் ஒன்றெனக் கொள்ளுதல் ஆராய்வார்க்குத் தகாது.

இனி, வீழ்ந்த வானவர் கதை எவ்வாறு உருவாயிற்று என்று காண்போம். அது பழைய ஏற்பாட்டில் முழுமையாக ஓரிடத்தும் சொல்லப்படவில்லை என்பது பலர்க்கும் வியப்பாகத் தோன்றலாம். யோபு நூலில் வரும் சாத்தான் கடவுளின் அவையில் நின்று குற்றஞ் சாட்டுபவன். 'எதிராளி' என்பதே அவன் பெயரின் பொருள். ஏசாயா நூலின் 14 ஆம் அதிகாரத்தில் வானினின்று விழுந்ததாகப் பாடப்படும் விடிவெள்ளி, அவ்விடத்துச் சுட்டுவது பாபிலோன் மன்னனை. அவ்விடிவெள்ளியை இலத்தீன் விவிலியம் 'லூசிபெர்' என மொழிபெயர்க்க, பிற்காலத்தார் அதனையே வீழ்ந்த தலைவனின் பெயராகக் கொண்டனர். மன்னன் ஒருவனை இகழ எழுந்த உவமை, நாளடைவில் ஒரு வானவனின் வரலாறாயிற்று.

மற்றொரு கிளை ஏனோக்கின் நூல் எனப்படும் பழைய யூத நூலாகும். இருநூறு வானவர் மாதர் மீது காதல் கொண்டு எர்மோன் மலையில் இறங்கினர் என்றும், அவருள் ஒருவன் மாந்தர்க்கு வாளும் கேடயமும் அணிகலனும் செய்யக் கற்பித்தான் என்றும் அந்நூல் கூறும். இங்கே வீழ்ச்சிக்குக் காரணம் செருக்கன்று. காமமும், வெளியிடத்தகாத அறிவை வெளியிட்டமையும் ஆம். இந்நூல் எத்தியோப்பியரின் பழைய கீயெசு மொழியிலே முழுமையாகப் பேணப்பட்டது. 1773 ஆம் ஆண்டிலே சேமிசு புரூசு என்னும் பயணி அதன் படிகளை ஐரோப்பாவுக்குக் கொணர்ந்தார். 1952 ஆம் ஆண்டில் சாக்கடலை அடுத்த கும்ரான் குகை ஒன்றில் அதன் அறமேய மொழித் துண்டுகள் கிடைத்தமை அந்நூலின் தொன்மையை உறுதி செய்தது. எனவே, செருக்கினால் வீழ்ந்த ஒரே தலைவன் என்னும் கதை, வேறுபட்ட பல ஓடைகள் கலந்து உண்டான ஆறு என்பது தெளிவாகும்.

இவ்வாற்றுக்குக் கரை கட்டியவர் இறையியலார். ஏறத்தாழ 500 ஆம் ஆண்டளவில் தியோனீசியர் என்னும் புனைபெயரில் எழுதிய ஒருவர் வானவரை மூன்று மூன்றாக ஒன்பது அணிகளாய் வகுத்தார். பதின்மூன்றாம் நூற்றாண்டிலே தோமாசு அக்குவைனார், வானவர் உடலற்ற தூய அறிவினர் என்றும், ஆதலின் அவர் ஒருமுறை தெரிந்துகொண்டதனைப் பின்னர் மாற்றுவதில்லை என்றும் நிறுவினார். மாந்தன் சிறிது சிறிதாக அறிகின்றான். ஆதலால் வருந்தித் திரும்புகின்றான். வானவன் முழுவதும் ஒருங்கே அறிந்து துணிகின்றான். ஆதலால் அவன் துணிவு இறுதியானது. இது வன்கண்மையால் எழுந்த கொள்கையன்று. அறிவின் இயல்பை ஆராய்ந்து பெற்ற முடிபு. இதற்கு முன்னரே, மூன்றாம் நூற்றாண்டினரான ஒரிசன் என்பார், எல்லா உயிர்களும் ஈற்றில் இறைவனிடம் மீளும் என்னும் கருத்தை வெளியிட்டனர். அவர் பெயரால் வழங்கிய அக்கொள்கை ஆறாம் நூற்றாண்டில் திருச்சபையாற் கண்டிக்கப்பட்டது. ஆயினும், வீழ்ந்தவர் மீள்வரோ என்னும் வினா கிறித்தவர் உள்ளத்திலும் எழுந்து அடங்கியது என்பதற்கு அது சான்றாகும்.

இசுலாமிய மரபு இவ்வினாவை வேறொரு வகையாற் கையாளுகின்றது. ஆதமுக்குத் தலைவணங்குமாறு இறைவன் பணித்தபோது மலக்குமார் வணங்க, இபுலீசு மறுத்தான். தான் நெருப்பினாற் படைக்கப்பட்டவன் என்றும் ஆதம் களிமண்ணாற் படைக்கப்பட்டவன் என்றும் அவன் காரணங் காட்டினான். திருக்குர்ஆனின் 18 ஆம் அத்தியாயம் அவனைச் சின் இனத்தவன் என்று சொல்லுகின்றது. மலக்குமார் இறைவன் கட்டளையை மீறார் என்பதும் அம்மரபிற் பெரிதும் வலியுறுத்தப்படும். ஆகவே 'வீழ்ந்த மலக்கு' என்னும் தொடரையே அம்மரபினர் பலர் ஏற்கமாட்டார். இறுதி நாள் வரையும் தவணை பெற்றவனாகவே அவன் நிற்கின்றான். 922 ஆம் ஆண்டிற் கொல்லப்பட்ட அல்ஹல்லாச் என்னும் சூபி ஞானியோ, இறைவனையன்றி மற்றொன்றை வணங்கமாட்டேன் என்ற காதலனாக இபுலீசைக் கண்டார். சட்டத்தின் வாயில் அடைபட்ட இடத்தில், ஞானியின் இரக்கம் ஒரு சாளரத்தைத் தேடிற்று எனலாம்.

இவற்றோடு நம் தேவரை ஒப்பிடுங்கால் முதல் வேறுபாடு வெளிப்படும். தேவர் என்போர் இறைவனால் அந்நிலையிலேயே படைக்கப்பட்ட தனியினத்தவர் அல்லர். வினைப்பயனால் ஒரு பதவியைப் பெற்று, அப்பயன் தீர்ந்தவழி அதனை இழப்பவர். இந்திரன் என்பது ஓர் ஆளின் பெயரினும் ஓர் இருக்கையின் பெயராகவே கருதத்தகும். அவ்விருக்கையில் ஏறிய நகுடன் செருக்கினால் அகத்தியரைக் காலால் உதைத்துப் பாம்பாக வீழ்ந்தான் என்று பாரதம் கூறும். செருக்கும் வீழ்ச்சியும் பாம்புருவும் ஒருங்கே அமைந்த இக்கதை மேலை நாட்டுக் கதைக்கு மிக அணித்தாகத் தோன்றும். ஆயின் அப்பாம்பு வனத்திலே தருமனின் விடைகளைக் கேட்டுச் சாபம் நீங்கி மீண்டும் விண்ணேறுகின்றது. வைகுந்தத்து வாயில் காத்த சயவிசயரும் மூன்று பிறவிகளிற் பகைவராய் நின்று பின்னர்த் தம் வாயிலுக்கே மீளுகின்றனர். நம் மரபில் வீழ்ச்சிக்கு அளவு உண்டு; மீட்சிக்கு வழியும் உண்டு.

சைவ சித்தாந்த நோக்கில் இது மேலும் தெளிவாகும். ஆணவம் ஒருநாள் செய்த குற்றமன்று; செம்பிற் களிம்புபோல உயிரை அனாதியே பற்றியது. தேவரும் அசுரரும் மாந்தரும் அக்களிம்பு உடையோரே. ஆதலின் 'முன்பு தூயராயிருந்து பின்பு வீழ்ந்தார்' என்னும் பேச்சுக்கே அங்கு இடமில்லை. வானதூதர்க்கு ஒப்பாவாரை நம் மரபில் தேடுவோர், இந்திரனை விட்டு, இறைவன் ஏவலைத் தலைமேற் கொண்டு ஒழுகும் நந்தி முதலிய கணத்தலைவரையும், அனந்தர் முதலிய வித்தியேசுரர் எண்மரையும் நோக்குதல் தகும். பெயரைப் பாராது தொழிலைப் பார்ப்பின் ஒப்புமை வேறிடத்தே கிடைக்கும்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் செய்தியன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டு யாழ்ப்பாணத்திலே சமயப் பூசல் மூண்ட காலத்தில், பிற சமயத்தார் வழிபடு தெய்வங்கள் எல்லாம் பேய்களே என்ற கூற்று அச்சேறி ஊர்தோறும் பரந்தது. பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்குத் துணை நின்று அந்நூலை நன்கு கற்ற ஆறுமுக நாவலர், 1854 ஆம் ஆண்டில் வெளியிட்ட சைவதூஷண பரிகாரத்தில் விவிலியத்தைக்கொண்டே விடை கூறினார். ஒரு சமயத்தின் சொல்லால் மற்றொரு சமயத்தை அளந்தால் விளைவது பழியே என்பதற்கு அப்பூசல் சான்று. இன்று பூசல் தணிந்தபின், அதே அளவுகோலை நட்பின் பெயரால் எடுத்து, 'எல்லாம் ஒன்றே' என்று அளப்பதும் பிழையே. பழிப்பதற்காகச் சமன் செய்யினும் புகழ்வதற்காகச் சமன் செய்யினும், பிறிதொன்றை அதன் இயல்பிற் காணாமை இரண்டிற்கும் பொதுவாகும்.

இனி இலக்கியத்துக்கு வருவோம். மில்டனின் காப்பியம் 1667 ஆம் ஆண்டிலே பத்து நூல்களாக வெளிவந்து, 1674 ஆம் ஆண்டிலே பன்னிரண்டாக வகுக்கப்பட்டது. அதன் முதல் நூலை வெள்ளக்கால் ப. சுப்பிரமணிய முதலியார் 'சுவர்க்க நீக்கம்' எனத் தமிழ்ச் செய்யுளாக்கினர். தலைப்பே சிந்திக்கத் தக்கது. மூலத்தின் பெயர் இழந்தவனை நோக்குவது. 'நீக்கம்' என்னும் தமிழ்ச் சொல்லோ நீக்கியவனையும் நினைப்பிக்கின்றது. அம்முதல் நூலிற் சாத்தான் பெறும் பெருமிதத்தைக் கண்டு, மில்டன் தன்னை அறியாமலே அவன் பக்கம் சார்ந்தான் என்று பிளேக்கு கருதினர். 1942 ஆம் ஆண்டில் சி. எசு. லூயிசு அக்கருத்தை மறுத்து, சாத்தான் தன்னைத் தானே சிறுமைப்படுத்திக்கொள்ளும் வரலாறே அக்காப்பியம் என்றனர். 1961 ஆம் ஆண்டில் எம்சன் மீண்டும் மறுதலைப்பட்டனர்.

இவ்வழக்கைத் தீர்த்தல் ஈண்டு நம் நோக்கமன்று. நான்காம் நூலில் வரும் ஓரிடமே நமக்கு வேண்டுவது. உலகை வந்தடைந்த சாத்தான் தனித்து நின்று ஞாயிற்றை நோக்குகின்றான். தன் பழைய நிலையை நினைக்கின்றான். தான் செய்தது நன்றியின்மை என்பதனை ஒப்புகின்றான். பணிந்தால் என்ன என்றும் எண்ணுகின்றான். அந்நொடியில் அவனைத் தடுப்பன இரண்டு: பணிதலை இகழும் செருக்கு ஒன்று, தன்னை நம்பி வந்த கூட்டத்தின்முன் நாணவேண்டுமே என்னும் அச்சம் மற்றொன்று. மன்னிக்கப்பெறினும் மீண்டும் எழுவேன் என்று தன்னைத் தானே அறிந்து கூறி, நன்மைக்கு விடை கொடுத்து விடுகின்றான்.

இதனைக் கந்தபுராணத்துப் போர்க்களத்தோடு ஒப்பிடுக. 1008 அண்டங்களை 108 உகம் ஆண்ட சூரபன்மன் முன்னே முருகப்பெருமான் பேருருக் காட்டுகின்றார். அதனைக் காணும் அளவுக்கு அறிவையும் அருளுகின்றார். பாலன் என்று தான் இகழ்ந்தவர் யாவர்க்கும் முதல்வர் என்பதனை உணர்ந்த சூரன் உள்ளம் உருகுகின்றது. வலம்வரவும் வணங்கவும் அவன் உறுப்புக்கள் அவாவுகின்றன. அவனைத் தடுத்து நிறுத்துவதாகக் கச்சியப்பர் காட்டுவது மானம் என்னும் ஒன்றையே. பேருரு மறைந்ததும் பழைய சினம் மூடிக்கொள்கின்றது; போர் தொடர்கின்றது.

இருவேறு நாட்டில், இருவேறு சமயத்தில், இருவேறு காலத்தில் தோன்றிய இரு புலவர், பகைவன் நெஞ்சில் உண்மை புலப்படும் ஒரு நொடியை அமைத்து, அங்கே மானத்தையே தடையாக நிறுத்திய ஒற்றுமை வியக்கத்தக்கது. சாத்தானையும் சூரனையும் உண்மையாக ஒப்பிடுதற்கு உரிய இடம் இதுவே. கொடுமையிலோ படைப்பெருக்கிலோ அன்று, பணிய விரும்பியும் பணியமாட்டாமையில் அவ்விருவரும் ஒப்பர்.

அந்நொடிக்குப் பின் வழிகள் பிரிகின்றன. மில்டனின் சாத்தான் பத்தாம் நூலில் வெற்றி முழக்கத்தோடு தன் அவைக்கு மீளுகின்றான். புகழொலியை எதிர்பார்த்தவன் சீறல் ஒலியையே கேட்கின்றான். அவையோர் அனைவரும் அவனோடு பாம்பாகி, சாம்பராய் மாறும் கனியை உண்கின்றனர். மாந்தன் பிறரால் ஏமாற்றப்பட்டமையால் அருள் பெறுவான், இவர்கள் தாமே தம்மை ஏமாற்றினமையால் பெறார் என்று மூன்றாம் நூலிலேயே தீர்ப்புக் கூறப்பட்டுவிட்டது. சூரனோ கடல் நடுவே மாமரமாகி நின்று, வேலாற் பிளவுண்டு, சேவலும் மயிலுமாய்ச் சினந்தெழுந்து, அருள்நோக்கினால் அடங்கிக் கொடியும் ஊர்தியும் ஆகின்றான். அதற்கு முன் அப்போரில் மயிலாய் நின்று பெருமானைத் தாங்கியவன் இந்திரன். சேவற்கொடியாய் நின்றவன் அக்கினி. தேவர் நின்ற அதே இடத்தில் ஈற்றில் அசுரன் நிறுத்தப்படுகின்றான். தேவருக்கும் அசுரருக்கும் காசிபரே தந்தை என்று தொடங்கிய புராணம், அவ்வுறவை இம்முடிபினால் நிறைவு செய்கின்றது.

இங்கே ஒரு தடை எழும். வருந்தாதவனுக்கு அருள் செய்தல் நீதியாகுமா? அவனாற் சிறையிருந்தோர் துயரத்துக்கு விடை யாது? இத்தடையை எளிதிற் புறக்கணித்தல் ஆகாது. தேவர் பட்ட துன்பம் தக்கன் வேள்வியிற் கலந்துகொண்ட பிழையின் பயன் என்று புராணம் விடை கூறும். ஆயினும் அவ்விடையை நூலுக்கு வெளியே எடுத்துச் சென்று, துன்புற்றோர் யாவரும் தம் பிழையாலேயே துன்புற்றனர் என்று பேசுவது அருளாகாது. இவ்விடத்திலே மில்டனின் வலிமையை நாம் மதித்தல் வேண்டும். செய்தவன் செய்ததற்குப் பொறுப்பாவான் என்பதனை அவன் காப்பியம் ஒருபொழுதும் மறப்பதில்லை. சாத்தானின் விருப்புரிமையை அது இறுதிவரை மதிக்கின்றது. அம்மதிப்பே அவன் தண்டனையும் ஆகின்றது.

கச்சியப்பரும் பொறுப்பை மறந்தாரல்லர். சூரன் பெற்றது விடுதலையன்று, பணி. தான் எதிர்த்தவரைத் தன் முதுகில் தாங்குதலே அவனுக்கு விதிக்கப்பட்டது. அவன் உடல் பிளக்கப்பட்டது; ஆட்சி போயிற்று; பெயரும் மாறிற்று. மறக்கருணை என்று சித்தாந்திகள் கூறுவது இதுவே. நோயை அறுத்தல் நோயாளியை வெறுத்தலன்று. அன்றியும், அவன் பெற்ற அருள் வித்தின்றி விளைந்ததும் அன்று. பேருருக் கண்ட நொடியில் ஒருமுறை உருகிய உள்ளமே அவ்வித்தாகும். மானம் அதனை மூடிற்று, அழிக்கவில்லை. காப்பிய அமைப்பு நோக்கினும், அந்நொடி இல்லையேல் மயிலும் சேவலும் வெறும் அற்புதமாய் ஒழிந்திருக்கும். முடிபு முன்னரே விதைக்கப்பட்டமையால் அது புலவன் ஈட்டிய முடிபாகின்றது. மில்டனின் முடிபும் தன் நூலின் தன்மைக்கு ஏற்ப ஈட்டப்பட்டதே. அங்கே துணிவு இறுதியானது. இங்கே மறைப்பு நீங்கத்தக்கது. ஒன்று தீர்ப்பில் முடிகின்றது. மற்றொன்று மருத்துவத்தில் முடிகின்றது.

பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை அவர்கள் ஈழத்துத் தமிழர் வாழ்வைக் கந்தபுராண கலாசாரம் என்று குறித்தனர். புராண படனமும் ஐப்பசித் திங்களிற் கந்தசட்டி நோன்பும் சூரன்போரும் அக்கலாசாரத்தின் உறுப்புக்கள். ஆட்டப்படும் சூரனின் தலைகள் ஒவ்வொன்றாய் வீழும்போது ஆரவாரிக்கும் கூட்டம், மயிலும் சேவலும் வரும் இறுதிக் கட்டத்தைக் குறைந்த ஆரவாரத்தோடு காண்பது இயல்பு. ஆயின் புராணத்தின் பொருள் அக்கட்டத்திலேதான் உளது. 2009 ஆம் ஆண்டுவரை போரினால் நொந்த வன்னி நிலத்தில் வாழ்வார்க்கு, தோற்றவனை என் செய்வது, துன்புற்றவனுக்கு என்ன விடை கூறுவது என்னும் வினாக்கள் ஏட்டளவில் நிற்பன அல்ல. பொறுப்பை மறவாத மில்டனும், மீட்சியை மறவாத கச்சியப்பரும் ஒருங்கு கற்கப்படவேண்டிய காரணம் இதுவாகும். ஒருவரை மற்றவராக்கி விட்டால், இருவரிடமும் கற்பதற்கு ஒன்றும் இராது.

ஆகவே வானவரையும் வீழ்ந்தவரையும் ஆராயப் புகும் மாணவர், சொல் ஒன்றாயிருத்தல் கண்டு மயங்காது, அச்சொல் குறிக்கும் தொழிலையும், வீழ்ச்சிக்குக் கூறப்படும் காரணத்தையும், மீட்சிக்கு வழியுண்டோ இன்றோ என்பதனையும் முறையே வினவுவாராக. இம்மூன்றனுள்ளும் மூன்றாம் வினாவே தலையாயது. ஒரு சமயம் தன் பகைவனுக்கு எத்தகைய இறுதியை அளிக்கின்றது என்பதனால் அச்சமயம் தன் இறைவனைப் பற்றிக் கொண்டுள்ள கருத்தை அறியலாம். ஒரு புலவன் அவ்விறுதியை எவ்வாறு நடத்திச் செல்கின்றான் என்பதனால் அவன் புலமையை அறியலாம்.